காற்றைப் பிழிந்த கேரியர்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, எடிசன், ஜேம்ஸ் வாட், ஜி.டி. நாயுடு எல்லாரையும் மற்றவர்கள் முன்னாடியே எடுத்துக்கொண்டு விட்டார்கள். நான் சொன்ன பெயரைக் கேட்டதும், அது ஏ.சி. கம்பெனி பெயர் ஆச்சே, ஆள் பெயரா என்று சிரித்தார்கள். ஆம், ஆள் பெயர்தான். வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியர். ஏ.சி. என்றாலே நமக்கு சொகுசுதான் ஞாபகத்துக்கு வரும். கல்யாண மண்டபம், நகைக்கடை, சினிமா தியேட்டர். ஆனால் அவர் அந்த ஏற்பாட்டை முதன்முதலில் வரைந்தது எந்தப் பணக்காரருக்கும் வேர்க்கக் கூடாது என்பதற்காக அல்ல. ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரம் குடித்து ஊதிப்போனதற்காக! இது எனக்குத் தெரிய வந்தது ஒரு ஐப்பசி மழையில், என் கையால் ஒரு ஆர்டர் கெட்டுப்போன பிறகுதான். அதனால் அந்தக் கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் காலேஜ் முடிந்து சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் எங்க ஊர்ல ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்கு வேலைக்குப் போகிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, முக்கியமாக மஞ்சப்பை. தாம்பூலப் பை என்று மணமகன் மணமகள் பெயர் போட்டுக் கொடுப்பார்களே, அதுதான். இந்த வேலை தெரியாதவர்களுக்காக நாலு வரி: மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணியில் எமல்ஷன் என்ற பசை போன்ற மருந்தைப் பூச வேண்டும். அது நன்றாகக் காய வேண்டும். காய்ந்த பிறகு எழுத்து வரைந்த பிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகிவிடும். எழுத்து மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து ஓடி வழி விடும். அந்த வழியாகத்தான் இங்க் இறங்குகிறது. பூசுவதற்கு ஐந்து நிமிஷம், எக்ஸ்போஸ் பண்ண சில நிமிஷம், கழுவ ஐந்து நிமிஷம். காய்வதற்குத்தான் காலம். கோடையில் ஃபேன் காற்றில் முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் மூணு மணி நேரம் ஆனாலும் விரலில் பிசுபிசு என்று ஒட்டும்.

அன்றைக்கு 500 பை ஆர்டர். மறுநாள் மாலைக்குள் வேண்டும். அடைமழை. அண்ணாச்சி (எங்க முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம்) வெளியூர் போயிருந்தார், ஸ்கிரீன் போடும் பொறுப்பு என்னிடம். நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். தலைமுடி காயவைக்கிற டிரையரை எடுத்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பத்து நிமிஷத்தில் மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. எக்ஸ்போஸ் பண்ணித் தண்ணீர் அடித்தேன். எழுத்து மட்டும் திறக்க வேண்டியது, சுற்றி உள்ள படலமும் சேர்ந்து பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு தொட்டிக்குள் போய்விட்டது! மேல் தோல் மட்டும் காய்ந்து, உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. ஈரமாக உள்ள எமல்ஷன் வெளிச்சம் பட்டாலும் கெட்டியாகாது.

இரண்டாவது முறை இன்னும் பக்கத்தில், இன்னும் அதிக நேரம் சூடு காட்டினேன். இப்போது நேர்மாறு. சூடு அதிகம் பட்ட இடத்தில் மருந்து வெளிச்சமே இல்லாமல் கெட்டியாகிவிட்டது. மணமகளின் பெயரில் பாதி எழுத்து எவ்வளவு தேய்த்தாலும் திறக்கவில்லை. மூலையில் சூடு படாத இடம் உரிந்து போனது. மூன்றாவது ஸ்கிரீனுக்கு மெஷ்ஷும் இல்லை, நேரமும் இல்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி வந்து திட்டவில்லை. கொஞ்ச நாள் நீ வர வேண்டாம்ப்பா என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பரீட்சை பீஸ் கட்ட அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தேன். அம்மாவிடம் கேட்க மனசு வரவில்லை.

அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் எங்கள் ரெஃப்ரிஜிரேஷன் பாடப் புத்தகத்தின் கடைசியில் இருக்கிற சைக்ரோமெட்ரிக் சார்ட்டை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். அதற்கு முன்னால், பரீட்சைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு விடை எழுதுகிற ஒரு படம் என்றுதான் நினைத்திருந்தேன். அதை யார் முதலில் போட்டார் என்று சாரிடம் கேட்டேன். அவர் கேரியர் பெயரைச் சொல்லி, அச்சகம் ஒன்றில் இருந்துதான் அவருடைய வேலை தொடங்கியது என்றார். எனக்கு மனசுக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது.

கேரியர் பிறந்தது 1876 நவம்பர் 26. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் அங்கோலா என்ற சிறிய ஊர். அப்பா விவசாயம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு வரவில்லை என்று பையன் திணறியபோது, அவருடைய அம்மா எலிசபெத் நிலவறையில் இருந்து ஆப்பிள் எடுத்துவரச் சொல்லி, அவற்றைப் பாதியாக, காலாக, அரைக்காலாக வெட்டிக் கூட்டவும் கழிக்கவும் சொல்லிக் கொடுத்தாராம். அந்த அம்மாவுக்குக் கடிகாரம், தையல் மிஷின் எல்லாம் பிரித்து மாட்டத் தெரியும். கேரியர் பிற்காலத்தில் எந்தச் சிக்கலையும் துண்டு துண்டாக வெட்டித்தான் பார்த்தார், அந்தப் பழக்கம் ஆப்பிளில் இருந்து வந்தது என்று சொல்வார்கள். அவர் சிறுவனாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார்.

பள்ளிப் படிப்பு முடிந்த சமயம் 1893-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி. காலேஜுக்குக் காசு இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைத்து 1897-ல் சேர்ந்தார். உதவித்தொகை படிப்புச் செலவுக்குத்தான் ஆச்சு, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் அவரே சம்பாதிக்க வேண்டும். புல் வெட்டினார், வீடுகளில் உலை அடுப்புக்குக் கரி போட்டார், இன்னொரு மாணவரோடு சேர்ந்து மாணவர்களுக்காகச் சலவைக்கடை நடத்தினார். அந்தச் சலவைக்கடைதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1901-ல் என்ஜினீயர் ஆகி வெளியே வந்தார்.

முதல் வேலை பஃபலோ நகரத்தில் பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில். ஃபேன், ஹீட்டர் செய்கிற கம்பெனி. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? காயப்போடுவது! மரப்பலகையை உலர்த்தும் சூளை, காபிக்கொட்டையை உலர்த்தும் கருவி இவற்றை வடிவமைப்பது. அப்போது இதற்கெல்லாம் சரியான கணக்கே இல்லை. இவ்வளவு நீராவி விட்டால் இவ்வளவு காற்று சூடாகும் என்பதை ஒவ்வொருவரும் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு, போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேலேயே ஹீட்டர் வைத்துக் கட்டுவார்கள். கேரியர் குத்துமதிப்பை ஏற்கவில்லை. சாயங்காலங்களில் தானாகவே உட்கார்ந்து ஹீட்டர் குழாய்களைச் சோதித்து அட்டவணை போட்டார். அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் கம்பெனிக்கு 40,000 டாலர் மிச்சமாயிற்றாம். வாரம் 10 டாலர் சம்பளக்காரர்! அதைப் பார்த்துத்தான் கம்பெனி அவருக்கு ஒரு ஆராய்ச்சிப் பிரிவையே அமைத்துக் கொடுத்தது.

1902-ல் நியூயார்க் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற லித்தோ அச்சகத்தில் இருந்து ஒரு புகார் வந்தது. 'ஜட்ஜ்' என்ற வண்ணப் பத்திரிகையை அங்கேதான் அச்சடித்தார்கள். கலர் அச்சு என்றால் ஒரே காகிதம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை மெஷினுக்குள் போய்வர வேண்டும். இன்றைக்கு மஞ்சள், நாளைக்குச் சிவப்பு. இடையில் காற்று ஈரமானால் காகிதம் விரிந்துவிடும், வறண்டால் சுருங்கிவிடும். அவ்வளவுதான், சிவப்பு தன் இடத்தில் விழாது. உதட்டுச் சாயம் கன்னத்தில் போய் நிற்கும்! நம் சிவகாசியில் அச்சுத் தொழில் வேர் பிடித்ததற்கு அந்த வட்டாரத்தின் வறண்ட காற்றும் ஒரு காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். புரூக்ளின் கடலோரம், கோடையில் புழுக்கம், அங்கே இயற்கை அந்த உதவியைச் செய்யவில்லை.

அப்போது கேரியருக்கு வயது 25. சூடு பண்ணத் தெரிந்த கம்பெனி அது, ஆனால் காற்றில் இருந்து ஈரத்தை எடுப்பது எப்படி? முதலில் ஒரு சோதனை செய்தார். சாக்குத் துணியைக் கால்சியம் குளோரைடு உப்புக் கரைசலில் நனைத்து அதன் வழியாகக் காற்றை விட்டார். அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இன்றைக்கும் பீரோவுக்குள் ஈரம் பிடிக்க வைக்கும் டப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஈரம் குறைந்தது உண்மை. ஆனால் வெளியே வந்த காற்றில் உப்பும் கலந்து வந்தது. இரும்பு மெஷின் இருக்கிற இடத்தில் உப்புக் காற்றை விட முடியுமா? கைவிட்டார்.

பிறகுதான் குளிர்ச்சியைப் பிடித்தார். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் சொம்புக்குள் இருந்து வந்தது இல்லை, காற்றில் இருந்து வந்தது. 25 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்றை 10 டிகிரிக்குக் குளிர வைத்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சம் தண்ணீராகக் கொட்டித்தான் ஆக வேண்டும். அப்படிக் கொட்டிய பிறகு அதே காற்றை மறுபடியும் 25 டிகிரிக்குச் சூடாக்கினால் அது தாங்கக்கூடியதில் 40 சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். அதாவது துணியைப் பிழிகிற மாதிரி காற்றைப் பிழிந்துவிடலாம். எந்த டிகிரிக்குக் குளிர வைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணைகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்ச் சுருள்கள், அதன்மேல் காற்றை வீசும் ஃபேன். வரைபடத்தில் இருக்கும் தேதி 1902 ஜூலை 17. வருஷம் முழுவதும் அச்சகத்தில் ஈரப்பதம் 55 சதவீதமாக நிற்க வேண்டும் என்பது இலக்கு. கிணற்றுத் தண்ணீர் ஓடும் சுருள் ஒன்று, அம்மோனியா கம்ப்ரசரால் குளிரூட்டிய சுருள் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 54 டன் ஐஸ் உருகுகிற அளவு குளிர்ச்சி! ஆட்களுக்குக் குளுகுளு என்று இருந்தது அந்த ஏற்பாட்டின் துணை விளைவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காற்றைக் குளிர வைத்த முதல் ஆள் கேரியர் இல்லை. ஜான் கோரி என்ற டாக்டர் ஐஸ் செய்யும் மெஷினுக்கு 1851-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார், அவருடைய நோக்கம் காய்ச்சல்காரர்களின் அறையைக் குளிர வைப்பது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரையும் கேரியர் வைக்கவில்லை, 1906-ல் பஞ்சாலை என்ஜினீயர் ஸ்டூவர்ட் கிராமர் வைத்தது. கேரியரின் பெருமை, குளிர்ச்சியையும் ஈரத்தையும் சேர்த்து ஒரே கணக்குக்குள் கொண்டு வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கணக்குக்கு வழி கிடைத்தது ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில். 1902-ன் கடைசி, பிட்ஸ்பர்க் ஸ்டேஷன், ராத்திரி நேரம், கடும் பனிமூட்டம். ரயிலுக்குக் காத்துக்கொண்டு நடந்தவருக்கு ஒரு யோசனை. இந்தக் காற்று முழுக்க நனைந்து இருக்கிறது, 100 சதவீதம் ஈரம். ஆனாலும் இதில் உள்ள தண்ணீர் மிகக் கொஞ்சம், ஏன் என்றால் இது குளிர்ந்த காற்று. அப்படியானால் நாமே பனிமூட்டத்தை உண்டாக்கலாமே! காற்றை நாம் விரும்பும் குளிர்ச்சியில் உள்ள தண்ணீர்த் தூறலுக்குள் விட்டு முழுக்க நனைத்து எடுத்தால், அதில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பது நம் கையில். தண்ணீரை வைத்தே காற்றை உலர்த்துவது! கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். மழையில் துணி காயும் என்று சொல்கிற மாதிரி. 1904-ல் விண்ணப்பித்து, 1906 ஜனவரி 2-ல் காற்றைப் பதப்படுத்தும் கருவிக்கான காப்புரிமையைப் பெற்றார். எண் 8,08,897.

முதலில் அந்தக் கருவியை நிறைய வாங்கியது பஞ்சாலைகள். அங்கே பிரச்சினை தலைகீழ். காற்று வறண்டால் நூல் அறுந்து போகும், அதனால் ஈரம் ஏற்ற வேண்டும். அதே கருவி, தண்ணீரின் சூட்டை மாற்றினால் போதும். எங்க அம்மா ஸ்பின்னிங் மில்லில்தான் வேலை பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து வரும்போது சேலை நனைந்தே இருக்கும், அது வேர்வை மட்டும் இல்லை, நூலுக்காகத் தெளிக்கிற ஈரமும்தான். அந்த ஈரத்துக்குப் பின்னாலும் இந்த மனுஷனுடைய கணக்கு இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அப்படியா, நூலுக்கு மட்டும்தான் பார்த்தாரா, ஆளுக்குப் பார்க்கலையா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

1911 டிசம்பரில் அமெரிக்க மெக்கானிக்கல் என்ஜினீயர்கள் சங்கத்தில் தன் சூத்திரங்களைக் கட்டுரையாகப் படித்தார். காற்றின் சூடு, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் சூடு, பனி படியும் நிலை, ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் உள்ள உறவு அதில் இருந்தது. கூடவே ஒரு சார்ட். நாம் பரீட்சையில் கோடு போடுகிற சார்ட்டின் பாட்டன் அதுதான்.

1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் பஃபலோ ஃபோர்ஜ் நிர்வாகம் என்ஜினீயரிங் பிரிவை மூடிவிட்டு உற்பத்தியோடு நிறுத்திக்கொள்ள முடிவு செய்தது. கேரியருக்கு அங்கே வேலை உறுதியாக இருந்தது. ஆனாலும் அவரும் நண்பர் இர்வின் லைலும் இன்னும் ஐந்து இளம் என்ஜினீயர்களும் சேர்ந்து, கையில் இருந்த சேமிப்பை எல்லாம் போட்டு 32,600 டாலர் முதலில் 1915-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். போர்க்காலத்தில் வேலையை விட்டுவிட்டுக் கடை திறப்பது என்றால்! நம் வீட்டில் விடுவார்களா?

1922-ல் சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசர் கொண்ட குளிரூட்டும் இயந்திரத்தைக் காட்டினார். இடத்தை அடைக்கும் பழைய அம்மோனியா இயந்திரங்களுக்குப் பதிலாகக் கச்சிதமானது, விஷ அபாயம் குறைந்த திரவத்தில் ஓடுவது. அதனால்தான் ஜனங்கள் கூடும் இடத்துக்குள் அது நுழைய முடிந்தது. 1924-ல் டெட்ராய்ட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. 1925 மே மாதக் கடைசியில் நியூயார்க் ரிவோலி தியேட்டர். அன்று இயந்திரம் தயாராகத் தாமதமாகி, ஜனங்கள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் குளிர்ச்சி பரவத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேர் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். கேரியருக்கு வயிற்றில் புளி. மெதுவாக ஒரு விசிறி மடியில் இறங்கியது, பிறகு இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் அரங்கம் முழுக்க விசிறிகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு கோடையில் படம் ஓடாது என்ற நிலைமை மாறியது. 1928, 1929 ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளுக்கும் ஏ.சி. வந்தது.

உடனே வந்த பெரும் மந்தத்தில் கம்பெனி தள்ளாடியது. 1937-ல் எல்லாப் பிரிவுகளையும் சிரக்யூஸ் நகரத்துக்கு மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போரில், விமானம் உயரத்தில் சந்திக்கும் கடுங்குளிரைத் தரையிலேயே உண்டாக்கும் சோதனைக்கூடத்துக்கு கிளீவ்லாண்டில் குளிரூட்டும் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆள் பயங்கர ஞாபகமறதிக்காரர். ஒரு பயணத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கைக்குட்டைதான் இருந்ததாம். இரண்டு மனைவிமாரை இழந்து மூன்றாவது முறை திருமணம் செய்தவர். 1950 அக்டோபர் 7-ல் நியூயார்க்கில் காலமானார், வயது 73. வீட்டுக்கு வீடு ஏ.சி. வந்தது அவர் போன பிறகுதான். அந்தப் பெட்டிகளின் வாயு ஓசோனை அரித்தது தெரிந்து 1987-ல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கையெழுத்துப் போட்டதையும், பெட்டியின் பின்பக்கச் சூடு தெருவில் நடப்பவன் முகத்தில் அடிப்பதையும் அவர் பார்க்கவில்லை.

சரி, ஸ்கிரீன் என்ன ஆச்சு?

எங்க கடையில் கம்ப்யூட்டர் டிசைன் பண்ணும் சின்ன ரூமில் ஒரு பழைய ஏ.சி. உண்டு, மிஷினுக்காகப் போட்டது. ஸ்கிரீன் காயும் அறை பின்கட்டில், கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே! ஏ.சி. ரூமில் காயவைக்கலாம் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. குளிரில் எப்படிக் காயும்? ஆனால் கேரியரைப் படித்த பிறகு எனக்கு ஞாபகம் வந்தது சந்தில் இருக்கும் பெயிண்ட் வாளி. ஏ.சி.யின் குழாயில் இருந்து சொட்டுகிற தண்ணீருக்காக வைத்தது, மழைக்காலத்தில் அடிக்கடி நிரம்பி, ஊற்றிவிட்டு வைப்பது என் வேலை. அவ்வளவு தண்ணீரும் அந்த ரூம் காற்றில் இருந்து பிழிந்தது!

இரண்டு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றி, அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். வேலை கேட்டு வரவில்லை, ஒரு அளவு எடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். வெளியே விடாத மழை. பின்கட்டில் காய்ந்த தெர்மாமீட்டர் 28 டிகிரி, ஈரத்துணி தெர்மாமீட்டர் 27. சார்ட்டில் பார்த்தால் ஈரப்பதம் 92 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்றால் இன்னும் மிகக் கொஞ்சம் ஈரத்தைத்தான் எடுக்க முடியும், ஃபேன் போட்டாலும் ஈரக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி வீசும். சூடு காட்டினால் கொஞ்சம் பலன் உண்டு, அதே காற்று 38 டிகிரியில் 53 சதவீதம் ஆகும். ஆனால் மூடிய இடத்தில் ஸ்கிரீன் விட்ட ஈரமும் உள்ளேயே நிற்கும், எமல்ஷனும் சூட்டில் கெடும். ஏ.சி. ரூமில் 24 டிகிரி, ஈரப்பதம் 50 பக்கம் இருந்தது.

வீணாகக் கிடந்த ஒரு ஸ்டீல் அலமாரியை அந்த ரூமுக்குள் நகர்த்தினோம். வெளிச்சம் புகாமல் உள்ளே கறுப்புத் துணி. அடியில் காற்று இழுக்க ஓட்டை, மேலே கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, ஓட்டைக்கு உட்பக்கம் ஒரு சின்ன ஹீட்டர், 35 டிகிரியைத் தாண்டாமல் நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட். ஏ.சி. பிழிந்த காற்றை லேசாகச் சூடாக்கி ஸ்கிரீன் மேல் ஓட்டுவது, அவ்வளவுதான் விஷயம். உள்ளே தெர்மாமீட்டர்கள் 34, 21 என்று காட்டின. ஈரப்பதம் 30 சதவீதம் அளவு. ஸ்கிரீனைப் படுக்கை வாட்டத்தில், பிரிண்ட் விழும் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அடுக்கினேன். எமல்ஷன் அந்தப் பக்கமாக இறங்கிப் படிந்தால் எழுத்தின் ஓரம் கூர்மையாக வரும்.

முதல் ஸ்கிரீனை முப்பத்தைந்து நிமிஷத்தில் எடுத்தேன். விரலில் ஒட்டவில்லை. ஆனால் டிரையர் பிடித்த அன்றும் ஒட்டவில்லையே! எக்ஸ்போஸ் பண்ணித் தொட்டிக்குக் கொண்டு போகும்போது கை நடுங்கியது. அண்ணாச்சி பின்னாலேயே நின்றார். தண்ணீர் அடித்தேன். எழுத்து ஒவ்வொன்றாகத் திறந்தது, சுழியில் உள்ள சின்ன வட்டம்கூட. சுற்றி உள்ள படலம் அசையவில்லை. அண்ணாச்சி ஸ்கிரீனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பின்ஹோல் இருக்கிறதா என்று தேடினார். இரண்டு இடத்தில் இருந்தது, அது தூசியால் வந்தது. அதை மட்டும் அடைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் வா என்று சொல்லவில்லை. நானாகவே போய்விட்டேன்.

இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. கரண்ட் போனால் அலமாரி வெறும் அலமாரிதான். பெரிய பிரேம் உள்ளே நுழையாது, அதைப் பழையபடி பின்கட்டில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி ஒரு கண்டிஷனும் போட்டிருக்கிறார். டிசைன் பண்ணும் அக்கா இருக்கும் நேரத்தில் அலமாரியைத் திறக்கக் கூடாது, எமல்ஷன் வாடை வருகிறதாம்.